ஒழுங்கை முகப்பிலேயே மறிப்பு: எல்லைக் காவலை அயல்நாட்டிடம் ஒப்படைப்பது எப்படி நடக்கிறது?

2022 இல் இலங்கை மீன்பிடிக் கலங்களில் பொருத்துவதற்கு 4,000-க்கும் மேற்பட்ட ஜிபிஎஸ் கருவிகளைத் தருவதாக அவுஸ்திரேலியா அறிவித்தது. மீனவர் கடலில் வழி தவறாமல் இருக்கச் செய்த உதவி என்றே யாரும் நினைப்பார்கள். அறிவித்தவர் அந்நாட்டின் உள்துறை அமைச்சர். இங்கிருந்து படகில் ஆட்கள் வருவதைத் தடுப்பது பற்றிப் பேசவே அவர் கொழும்புக்கு வந்திருந்தார்.

ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் ஒரு நாடு தன் எல்லையைக் காக்க நம் கடலில் ஏன் செலவழிக்கிறது? மன்னாரிலோ முல்லைத்தீவிலோ படகேறியவர் பிடிபட்டால் அவரைப் பிடித்தது எந்த நாடு, அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது யார்? டியாகோ கார்சியா, நவுரு, ருவாண்டா, அல்பேனியா என்று செய்தியில் வரும் இடங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்விகளை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சொற்கள்

அகதி என்பவர் யார் என்பதை 1951 ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் சாசனம் வரையறுக்கிறது. இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தால் சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர் அவர். 'வெளியே' என்ற சொல்லைக் கவனியுங்கள். நாட்டுக்குள்ளேயே இருக்கும்வரை, எவ்வளவு ஆபத்தில் இருந்தாலும், சாசனத்தின் கணக்கில் அவர் அகதி ஆகமாட்டார்.

புகலிடக் கோரிக்கையாளர் என்பவர் 'என்னைக் காப்பாற்றுங்கள்' என்று கேட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்.

திருப்பி அனுப்பாமை என்பது அந்தச் சாசனத்தின் 33 ஆம் உறுப்புரை. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு ஓர் அகதியை எந்த வழியிலும் திருப்பி அனுப்பக் கூடாது. சாசனத்தின் முதுகெலும்பு இதுதான்.

இப்போது நம் ஊர் வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வளவைச் சுற்றி வேலி, முகப்பில் படலை, படலைக்கு முன்னால் ஒழுங்கை. இரவில் ஒருவர் ஓடிவந்து படலையைத் தட்டுகிறார். வீட்டுக்காரர் எழும்பி வந்து 'ஆர், ஏன் வந்தனீங்கள்?' என்று கேட்கத்தான் வேண்டும். கேட்டபிறகு உள்ளே விடலாம், விடாமலும் இருக்கலாம். கேட்காமல் துரத்த முடியாது. அகதிச் சட்டத்தின் கடமை அந்தத் தட்டலோடு தொடங்குகிறது.

சரி, அந்தக் கேள்வியைக் கேட்கவே விரும்பாத வீட்டுக்காரர் என்ன செய்வார்? ஒழுங்கை முகப்பில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காசு கொடுத்து, 'இந்தப் பக்கம் வருகிறவர்களை அங்கேயே மறித்துவிடு' என்று சொல்லுவார். படலை அப்படியே இருக்கிறது, தட்டினால் திறக்க வேண்டும் என்ற சட்டமும் அப்படியே இருக்கிறது. தட்டுவதற்கு மட்டும் ஆள் வந்து சேரமாட்டார். எல்லைக் காவலை வெளியே ஒப்படைப்பது என்றால் இதுதான்.

எத்தனை விதமாக மறிக்கிறார்கள்?

1. புறப்படும் இடத்திலேயே மறிப்பது. மிகப் பழைய வழி இது. கண்ணுக்கு அதிகம் தெரியாததும் இதுதான். 1983 க்குப் பிறகு தமிழர்கள் லண்டனுக்குப் போகத் தொடங்கியதும், 1985 இல் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் மக்களுக்கு அது அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. 1987 பெப்ரவரியில் 58 தமிழர்கள் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கிப் புகலிடம் கேட்டார்கள். திருப்பி அனுப்ப முயன்றபோது ஓடுபாதையிலேயே உடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டினார்கள். அதே ஆண்டு பிரித்தானியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. சரியான ஆவணம் இல்லாத ஒருவரை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு 1,000 பவுண் தண்டம். அதற்குப் பிறகு எல்லை அதிகாரியின் வேலை கட்டுநாயக்காவிலும் சென்னையிலும் விமானச் சீட்டைப் பார்க்கும் ஊழியரின் கைக்குப் போய்விட்டது. அவருக்கு அகதிச் சட்டம் தெரியாது, தெரிந்திருக்கத் தேவையும் இல்லை. தண்டம் வராமல் பார்த்துக்கொள்வதே அவர் பாடு. வானவழி இப்படி அடைபட்டதும்தான் ஏஜென்சிக்காரர், மாற்றுப் பாஸ்போட், கடைசியில் றோலர் (இழுவைப் படகு) என்று வழிகள் திரும்பின. படகுப் பயணத்துக்கு ஏஜென்சியை மட்டும் குற்றம் சொல்லுகிறவர்கள் இந்த வரிசையை மறந்துவிடுகிறார்கள்.

2. நடுவழியில், இன்னொருவரைக் கொண்டு மறிப்பது. அயல்நாட்டுக் கடற்படைக்குப் படகு, ராடர், பயிற்சி, தகவல் எல்லாம் கொடுத்து, ஆட்களைப் பிடித்துத் திரும்பக் கொண்டுபோக வைப்பது. இத்தாலியும் லிபியாவும் இதற்குப் பெரிய உதாரணம். நம் கடலில் நடப்பதும் இந்த வகைதான்.

3. பிடித்தவரை மூன்றாம் நாட்டில் வைப்பது. அவுஸ்திரேலியாவுக்குப் பசிபிக் தீவு நாடான நவுருவும் பப்புவா நியூகினியின் மானுஸ் தீவும். பிரித்தானியா ருவாண்டாவோடு 2022 இல் ஒப்பந்தம் செய்தது. இத்தாலி 2023 இல் அல்பேனியாவோடு செய்தது.

4. வந்தவரைத் திருப்பி எடுக்க அயல்நாட்டுக்குக் காசு கொடுப்பது. 2016 மார்ச் 18 அன்று ஐரோப்பிய ஒன்றியமும் துருக்கியும் செய்த உடன்பாடு இந்த வகை. கிரேக்கத் தீவுகளுக்குக் கடந்தவர்களைத் துருக்கி திருப்பி எடுக்க வேண்டும். துருக்கியில் உள்ள அகதிகளுக்கென்று 600 கோடி யூரோ.

ஒரே நாடு நான்கையும் ஒன்றாகச் செய்யலாம். அவுஸ்திரேலியா செய்தது.

நம் கடலில் நடந்தது

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. ஐந்து மாதம் கழித்து, ஒக்டோபரில், சுமார் 250 ஈழத்தமிழர்களோடு ஒரு படகு அவுஸ்திரேலியாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவுஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட், இந்தோனேசிய ஜனாதிபதி யுதோயோனோவைத் தொலைபேசியில் அழைத்தார். இந்தோனேசியக் கடற்படை அந்தப் படகை மறித்து ஜாவாவின் மேராக் துறைமுகத்துக்கு இழுத்துப்போனது. படகில் இருந்தவர்கள் இறங்க மறுத்து, ஏறக்குறைய ஆறு மாதம் அந்த மரப்படகிலேயே கிடந்தார்கள். எந்த அவுஸ்திரேலிய அதிகாரியும் அவர்களைத் தொடவில்லை. அவுஸ்திரேலிய நீதிமன்றம் எதற்கும் அவர்கள் போகவும் முடியவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாக இருந்தது. மறிப்பை அயலானிடம் ஒப்படைப்பதன் பலம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் இந்தச் சம்பவத்தைத்தான் காட்டுவேன்.

2012 இல் இலங்கையிலிருந்து 6,000-க்கும் மேற்பட்டோர் படகில் அவுஸ்திரேலியாவை அடைந்தார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஒரு விரைவு முறை வந்தது. வந்து இறங்கியவரிடம் ஒரு சுருக்கமான நேர்காணல், சட்டத்தரணி இல்லை, மேன்முறையீடு இல்லை. 'இவர் சொல்வதில் எங்கள் கடமையைத் தொடும் விடயம் எதுவும் இல்லை' என்று அதிகாரி முடிவெடுத்தால் சில நாளில் விமானத்தில் கொழும்பு. இது இலங்கையருக்கென்றே கொண்டுவரப்பட்ட முறை.

2013 ஜூலையில் ரட் அரசாங்கம், இனிப் படகில் வரும் எவரும் அகதி என்று உறுதியானாலும் அவுஸ்திரேலியாவில் குடியேற முடியாது என்று அறிவித்தது. செப்டெம்பரில் வந்த டொனி அபொட் அரசாங்கம் படகு மறிப்பை இராணுவத் தலைமையின் கீழ் கொண்டுவந்தது. நவம்பரில் கொழும்பில் பொதுநலவாய மாநாடு. போர்க்கால மனித உரிமை மீறல்களைக் காரணம் காட்டிக் கனடியப் பிரதமர் ஸ்டீபன் ஹாப்பர் வரவில்லை, இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் வரவில்லை. அபொட் வந்தார். இலங்கைக் கடற்படைக்கு 2 ரோந்துப் படகுகளைத் தருவதாக அறிவித்தார்.

2014 இல் இரண்டு படகுகள் பிடிபட்டன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முறை முழுதாக விளங்கும்.

முதலாவது, இலங்கையிலிருந்து புறப்பட்ட 41 பேர். 37 சிங்களவர், 4 தமிழர். நடுக்கடலில் அவுஸ்திரேலிய அதிகாரிகள் சில கேள்விகள் கேட்டார்கள். ஜூலை 6 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் கடலிலேயே இலங்கைக் கடற்படையின் கையில் கொடுத்துவிட்டார்கள். காலி நீதவான் நீதிமன்றத்தில் அவர்கள் நிறுத்தப்பட்டார்கள்.

இரண்டாவது, புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட 157 தமிழர்கள். அவர்களில் சுமார் 50 பேர் சிறுவர்கள். ஜூன் இறுதியில் மறிக்கப்பட்டு, ஒரு மாதத்துக்குக் கிட்ட ஓர் அவுஸ்திரேலியக் கப்பலில் வைக்கப்பட்டார்கள். அவர்களை இந்தியாவிடம் கொடுக்க அரசு முயன்றது, அது சரிவரவில்லை. சில நாள் அவுஸ்திரேலிய நிலத்தில் வைத்துவிட்டு நவுருவுக்கு அனுப்பினார்கள். வழக்கு அவுஸ்திரேலியாவின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம்வரை போனது. 2015 ஜனவரியில் 4 நீதிபதிகள் அரசின் பக்கமும் 3 பேர் எதிராகவும் தீர்ப்புச் சொன்னார்கள். கடலில் வைத்திருந்தது சட்டப்படி சரி என்றாகிவிட்டது.

அந்தக் காலத்தில் வன்னி முழுவதும் ஒரே கேள்வி: 'கொண்டுபோனவை எங்கே?' கப்பல் எங்கே நிற்கிறது என்று அவுஸ்திரேலிய அரசு தன் நாட்டு நாடாளுமன்றத்துக்கும் சொல்லவில்லை. 'கடல் நடவடிக்கை பற்றிப் பேசுவதில்லை' என்பதே கொள்கை. காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடிக்கொண்டிருந்த ஊர்களுக்கு அந்த மௌனம் எப்படிக் கேட்டிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

டியாகோ கார்சியா கதை கொஞ்சம் வேறு. 2021 ஒக்டோபரில் கனடாவை நோக்கிப் போன படகொன்று பழுதடைந்து, 89 தமிழர்கள் பிரித்தானியாவின் ஆட்சிக்கு உட்பட்ட அந்தத் தீவில் கரையேற்றப்பட்டார்கள். அங்கே யாரும் யாரிடமும் எதையும் ஒப்படைக்கவில்லை. ஆனால் வாதம் அதேதான்: 'இந்த நிலம் எங்கள் ஆட்சியில் இருக்கிறது, அகதிகள் சாசனம் இங்கே நீட்டப்படவில்லை'. மூன்று வருடத்துக்கு மேல் வேலிக்குள் கூடாரத்தில் இருந்தார்கள். தற்கொலை முயற்சிகள் நடந்தன. சிலர் சிகிச்சைக்கென்று ருவாண்டாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 2024 டிசம்பரில் சுமார் 60 பேர் பிரித்தானியாவுக்கு அழைத்துவரப்பட்டார்கள். அதே மாதம் அந்தப் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம் அவர்களைத் தடுத்து வைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது.

1985, 1987, 2009, 2012, 2014, 2021 என்று ஆண்டுகளை அடுக்கிப் பாருங்கள். உலகம் இன்று ஐரோப்பாவைப் பார்த்துப் பேசும் இந்த முறையின் பல படிகள் தமிழர்மேல் பழகிப் பார்க்கப்பட்டவை. இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல.

அயல்நாடு ஏன் சம்மதிக்கிறது?

காசு ஒரு காரணம். நவுரு ஏறக்குறைய 12,000 பேர் வாழும் சின்னத் தீவு. பொஸ்பேற் வளம் தீர்ந்தபிறகு தடுப்பு முகாம் அதன் வருமானத்தில் பெரும் பங்காகிவிட்டது. கம்போடியாவுக்கு 2014 இல் அவுஸ்திரேலியா 4 கோடி டொலர் உதவி தருவதாக ஒப்பந்தம் செய்தது. நவுருவிலிருந்து அங்கே போனவர்கள் பத்துப் பேருக்கு மேல் இல்லை. ருவாண்டாவுக்குப் பிரித்தானியா 29 கோடி பவுண் கொடுத்தது. 4 பேர் மட்டும் தாமாக விரும்பிப் போனார்கள், கட்டாயமாக ஒருவரையும் அனுப்ப முடியாமலே 2024 ஜூலையில் திட்டம் கைவிடப்பட்டது.

காசைவிடப் பெரிய விலை ஒன்று உண்டு. படலையைக் காப்பவனோடு வீட்டுக்காரர் பகைக்க முடியாது. 2020 பெப்ரவரியில் ஐரோப்பாவோடு முரண்பட்ட துருக்கி, எல்லையைத் திறந்துவிட்டதாகச் சொன்னதும் ஆயிரக்கணக்கானோர் கிரேக்க எல்லையில் குவிந்தார்கள். 2021 மே மாதத்தில் ஸ்பெயினோடு கோபித்த மொரோக்கோ காவலைத் தளர்த்தியது. இரண்டு நாளில் 8,000 பேர் அளவில் மொரோக்கோவை ஒட்டிய ஸ்பெயின் நகரான செயுட்டாவுக்குள் நுழைந்தார்கள். மனிதர்களைத் தடுக்கும் வேலை, மனிதர்களைக் காட்டி மிரட்டும் கருவியாகவும் மாறிவிடுகிறது.

இலங்கை அப்படி மிரட்டவில்லை, மிரட்ட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. 2014 மார்ச்சில் ஜெனீவாவில் இலங்கை பற்றிய சர்வதேச விசாரணைக்கான தீர்மானம் வந்தபோது, இலங்கை அரசின் ஒத்துழைப்பு இல்லாத தனி விசாரணை சிறந்த வழி என்று தனக்குத் தோன்றவில்லை என்ற நிலைப்பாட்டை அவுஸ்திரேலிய வெளியுறவு அமைச்சர் ஜூலி பிஷப் எடுத்தார். இன்னது கொடுத்து இன்னது வாங்கினார்கள் என்று காட்ட என்னிடம் கடிதம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு நாட்டின் கடற்படையை நம்பித் தன் எல்லையை வைத்திருக்கும் அரசு, அந்தக் கடற்படையைப் பற்றிக் கடுமையாகப் பேசாது. வன்னி மக்களைப் பொறுத்தவரை இந்த முறையின் மிகப் பெரிய சேதம் இதுதான் என்பது என் முடிவு. படகில் ஏற நினைத்தே பார்க்காத ஒரு தாயின் நீதிக் கோரிக்கையும் இதில் அடிபட்டுப் போகிறது.

பிடித்தது நீ, பொறுப்பு யாருடையது?

சட்டத்தில் இதற்கு நியாயாதிக்கம் என்று பெயர். ஒரு நாடு தன் நிலத்தில் மட்டுமா கடமைப்பட்டிருக்கிறது, தன் கட்டுப்பாட்டில் ஒருவரை வைத்திருக்கும் இடமெங்குமா? நீதிமன்றங்கள் சொன்ன பதில்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

1. 1993, அமெரிக்கா. ஹெயிட்டி அகதிகளைச் சர்வதேசக் கடலில் பிடித்துத் திருப்பி அனுப்பலாம், 33 ஆம் உறுப்புரை அமெரிக்க எல்லைக்கு வெளியே பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவுஸ்திரேலியா பின்னால் எடுத்த வழிக்கு முன்மாதிரி அமெரிக்காதான்.

2. 2012, ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம். 2009 மே மாதத்தில் இத்தாலியக் கப்பல்கள் சுமார் 200 பேரை இத்தாலியின் லம்பெடூசாத் தீவுக்குத் தெற்கே பிடித்து லிபியாவில் கொண்டுபோய் விட்டன. ஆட்கள் இத்தாலியக் கப்பலில் இருந்தார்கள், ஆகவே இத்தாலியின் கட்டுப்பாட்டில் இருந்தார்கள், ஆகவே இத்தாலி பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்த்தது.

அகதிகளுக்கு இது பெரிய வெற்றி. ஆனால் அரசுகள் இந்தத் தீர்ப்பிலிருந்து வேறொரு பாடம் படித்தன. நம் கப்பலில் ஏற்றினால்தானே பொறுப்பு? ஏற்றாமல் விடுவோம். 2017 பெப்ரவரியில் இத்தாலி லிபியாவோடு உடன்பாடு செய்து, லிபியக் கரையோரக் காவற்படைக்குப் படகும் பயிற்சியும் கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியமும் துணை நின்றது. அதற்குப் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடலில் பிடிக்கப்பட்டு லிபியாவுக்குத் திருப்பப்பட்டிருக்கிறார்கள். அங்கே தடுப்பு மையங்களில் நடந்தவற்றை மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள் என்று 2023 இல் ஐ.நா. உண்மை கண்டறியும் குழு சொன்னது. இப்போது இத்தாலியக் கை யார்மேலும் படவில்லை. மேராக் துறைமுகத்தில் நடந்ததும் இதேதான்.

3. 2016, பப்புவா நியூகினி. மானுஸ் தீவில் ஆட்களைத் தடுத்து வைத்தது அரசியலமைப்புக்கு விரோதம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பெரிய நாட்டின் நீதிமன்றம் அனுமதித்ததை, காசு வாங்கிய சின்ன நாட்டின் நீதிமன்றம் தடுத்தது. இந்தத் தீர்ப்பு இன்னும் அதிகம் பேசப்பட்டிருக்க வேண்டும்.

4. 2023 நவம்பர், பிரித்தானியா. ருவாண்டாவுக்கு அனுப்பினால் அங்கிருந்து சொந்த நாட்டுக்கே திருப்பப்படும் உண்மையான ஆபத்து இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் ஏகமனதாகச் சொன்னது.

5. 2025 ஜனவரி, ஐ.நா. மனித உரிமைகள் குழு. நவுருவுக்கு அனுப்பப்பட்டவர்கள் தொடர்பில், வேலையை இன்னொரு நாட்டிடம் கொடுத்தாலும் அவுஸ்திரேலியா தன் பொறுப்பிலிருந்து விடுபட முடியாது என்று அந்தக் குழு முடிவு செய்தது. ஆனால் குழுவின் முடிவை ஒரு நாட்டின்மேல் வற்புறுத்திச் செயற்படுத்தும் வழி இல்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் அவுஸ்திரேலியா நவுருவோடு புதிய உடன்பாடு செய்தது. சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்ப முடியாதவர்களை அங்கே ஏற்க முதலில் 40.8 கோடி அவுஸ்திரேலிய டொலர், பிறகு ஆண்டுக்கு ஏறக்குறைய 7 கோடி.

'உயிர் காப்பாற்றப்படுகிறதே?'

இந்த வாதத்தை மதித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். 2008 க்கும் 2013 க்கும் இடையில் அவுஸ்திரேலியாவுக்குப் படகில் போகும் வழியில் 1,000-க்கும் மேற்பட்டோர் கடலில் இறந்தார்கள். மறிப்புக் கடுமையானதும் அந்த வழியில் படகுகள் பெருமளவு நின்றன. காணி உறுதியை ஈடு வைத்து, தாலிக்கொடியை விற்று, ஏஜென்சிக்குக் கட்டிய காசோடு பிள்ளையையும் இழந்த வீடுகள் நம் பக்கம் இருக்கின்றன. படகு நின்றது நல்லது என்று சொல்லும் தாயிடம் யாரும் தர்க்கம் பேச முடியாது.

ஆனால் இரண்டு விடயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடலில் சாகாமல் தடுப்பது ஒன்று. ஆபத்தில் இருப்பவரை ஆபத்துக்குள்ளேயே நிறுத்துவது இன்னொன்று. முதலாவதுதான் நோக்கம் என்றால், ஒழுங்கையை மறிக்கும்போது படலைக்கு வர வேறொரு வழியையும் திறந்திருப்பார்கள். நடந்தது நேர்மாறு. இந்தோனேசியாவில் 2014 ஜூலை 1 முதல் ஐ.நா. அகதிகள் முகவரகத்தில் பதிந்தவர்களை ஏற்பதில்லை என்று அவுஸ்திரேலியா அறிவித்தது. படகில் ஏறாமல், வரிசையில் நின்று, முறையாகக் காத்திருந்தவர்களுக்கும் கதவு மூடப்பட்டது.

வழி நின்றாலும் ஓட்டம் நிற்பதில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் தலைமன்னாரிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர் கடலைக் கடந்து தனுஷ்கோடி மணல்திட்டில் குடும்பங்கள் இறங்கின. அதே ஆண்டு நவம்பரில் கனடாவுக்கென்று ஏறிய 303 இலங்கையர் நடுக்கடலில் படகு மூழ்கும் நிலையில் மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டார்கள். அவுஸ்திரேலிய வழியைவிட அது குறைந்த தூரமும் அல்ல, பாதுகாப்பான வழியும் அல்ல.

புறப்படும் உரிமை

எந்த நாட்டையும், தன் சொந்த நாட்டையும் விட்டுப் புறப்பட ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று மனித உரிமைகள் பிரகடனத்தின் 13 ஆம் உறுப்புரை சொல்கிறது. குடியியல் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 12 ஆம் உறுப்புரையும் அதையே சொல்கிறது. இலங்கை அந்த உடன்படிக்கையில் 1980 இல் சேர்ந்தது. ஆனால் இலங்கை அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை நாட்டுக்குள் நடமாடும் சுதந்திரத்தையும் நாட்டுக்குத் திரும்பி வரும் சுதந்திரத்தையும் மட்டுமே சொல்கிறது. புறப்படுவது அதில் இல்லை.

இருக்கும் சட்டம் 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவருவோர், குடியகல்வோர் சட்டம். அங்கீகரிக்கப்பட்ட துறைமுகம் அல்லது விமான நிலையம் வழியாக அல்லாமல் வெளியேறுவது அதன்படி குற்றம். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் இந்தச் சட்டத்தின் கீழ்தான் விமான நிலையத்தில் விசாரிக்கப்பட்டு, நீதவானிடம் கொண்டுபோகப்பட்டு, பிணையிலோ தண்டத்திலோ வெளியே வருகிறார்கள். காகிதத்தில் இது எல்லாருக்கும் பொதுவான நடைமுறை. ஆனால் முன்னாள் போராளி என்றோ, காணாமல் ஆக்கப்பட்டவரின் உறவு என்றோ ஏற்கெனவே கோப்பில் பெயர் இருப்பவருக்கு அந்த விசாரணை அறை வேறு அறை. புகலிடம் கேட்டவர் எந்த அரசுக்குப் பயந்து ஓடினாரோ, அந்த அரசின் அதிகாரியிடம், 'இவர் எங்களிடம் புகலிடம் கேட்டவர்' என்ற அடையாளத்தோடு ஒப்படைக்கப்படுகிறார். இத்தாலி, லிபியா, துருக்கி உதாரணங்களோடு நம் நிலை வேறுபடுவது இங்கேதான். சிரியர் தப்பியது சிரியாவிலிருந்து, அவரை மறித்தது துருக்கி. நம்மை மறிப்பது நாம் விட்டு ஓடும் அதே நாடு.

கேப்பாப்புலவில்

2024 டிசம்பர் 19 அன்று முள்ளிவாய்க்கால் கரைக்கு அண்மையில் மியன்மாரின் ரோஹிஞ்சா மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரோடு ஒரு படகு வந்து நின்றது. நிறையக் குழந்தைகள். ஊர்ச்சனம் சாப்பாடும் தண்ணீரும் கொண்டு ஓடியது. கடற்படை அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோனது. படகைச் செலுத்தியவர்கள் என்று 12 பேர் விளக்கமறியலில் வைக்கப்பட்டார்கள். மற்றவர்கள் கேப்பாப்புலவு விமானப்படை முகாமுக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

அந்தப் பெயர் வன்னியில் எல்லாருக்கும் தெரியும். 2012 செப்டெம்பரில் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது, சொந்தக் காணிக்குப் போக விடாமல் சீனியாமோட்டைக் காட்டில் இறக்கப்பட்டவர்கள் கேப்பாப்புலவுக் குடும்பங்கள். 2017 இல் பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை வைத்திருந்த தங்கள் காணிக்காக முகாம் வாசலில் ஒரு மாதம் இரவுபகலாகக் குந்தியிருந்து அதை மீட்டார்கள்.

இந்தத் தடவை இலங்கையே வீட்டுக்காரர். வந்தவர்களை மியன்மாருக்குத் திருப்பி அனுப்புவது பற்றி அரசு பேசியது. ஆட்கடத்தல் என்றது, இன்னும் பெருந்தொகையானோர் வரக் காத்திருக்கிறார்கள் என்றது. கன்பெராவிலும் ரோமிலும் கேட்ட அதே பேச்சு. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அதிகாரிகள் முதலில் போனபோது, குடிவரவுத் திணைக்களத்தின் முன் அனுமதி வேண்டும் என்று சொல்லி உள்ளே விடவில்லை. தடுப்பு இடங்களைப் பார்வையிடும் அதிகாரத்தை அந்த ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது 1996 ஆம் ஆண்டின் சட்டம். முல்லைத்தீவில் மக்கள் இறங்கிப் போராடினார்கள். திருப்பி அனுப்பாதே என்பதே கோரிக்கை.

இலங்கை 1951 சாசனத்தில் கையெழுத்திடவில்லை. இந்தியாவும் இல்லை, இந்தோனேசியாவும் மலேசியாவும் இல்லை. வங்காள விரிகுடாவைச் சுற்றி மறிக்கும் வேலையைச் செய்யும் நாடுகளில் பெரும்பாலானவை, தட்டினால் திறக்கும் கடமையை ஏற்காதவை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இலங்கை 1994 இல் சேர்ந்திருக்கிறது. சித்திரவதை ஆபத்துள்ள நாட்டுக்கு ஒருவரை அனுப்பக் கூடாது என்பது அதன் 3 ஆம் உறுப்புரை. கேப்பாப்புலவில் வைக்கப்பட்டவர்களுக்காக வாதாட முன்வரும் சட்டத்தரணி கையில் எடுக்கக்கூடிய முதல் ஆயுதம் அது. ஆனால் 'ஏன் வந்தனீங்கள்?' என்று அவர்களிடம் கேட்டு, பதிலைப் பதிந்து, முடிவு சொல்லும் அதிகாரி ஒருவரை நியமிக்கும் அகதிச் சட்டம் இலங்கையில் இன்னும் இயற்றப்படவில்லை.